வால்பேப்பர்: மூலை மூன்றாம் தடவை படிந்தது

முந்தாநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வால்பேப்பர் ஒட்டிய அந்த மூலையை விரலால் தட்டிப் பார்த்தேன். தாள் சுவரை விட்டு எழும்பி நிற்கிற மத்தளச் சத்தம் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு, பத்தடி உயரம். எந்த மூலையிலும் மூலைமட்டம் உட்காராது. கூடத்தில் இரண்டு சுவருக்கு மட்டும் வால்பேப்பர் ஒட்டுவதாகத் திட்டம். சுரண்டல், பட்டி, பிரைமர் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். சுரண்டும்போது டிஸ்டெம்பருக்கு அடியில் தாத்தா அடித்த நீலம் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டாரே, அந்த நினைப்பு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதையும் சுரண்டியாயிற்று.

மூலைக்கு வருகிறேன். நிலைப்படியிலிருந்து, ரோலில் சுவர் உயரத்துக்கு வெட்டிய பட்டை ஆறு ஒட்டி முடித்ததும் மூலைக்கு ஒரு சாண் சொச்சம் மிச்சம். முதல் தடவை ஏழாவது பட்டையை முழுசாகவே மூலையில் மடித்து அடுத்த சுவருக்குத் திருப்பினேன். அன்றைக்கு அழகாக இருந்தது. என் தாள் காகித அடி வைத்த வினைல், அதாவது மேலே பிளாஸ்டிக் பூச்சு. அது பசையில் ஊறி விரியும், காயும்போது சுருங்கும். இரண்டே நாளில் மூலையை விட்டு இழுத்துக்கொண்டு டொம் டொம் என்றது. அதை ஒட்டி வந்த பட்டையிலோ கொடி டிசைன் குடிகாரன் மாதிரி சாய்ந்தது. அம்மா பார்த்துவிட்டு, “ஏண்டா, செவுத்துக்குப் புடவை கட்டினியே, கொசுவத்தை ஒழுங்கா வைக்கக் கூடாதா?” என்றாள்.

இரண்டாம் தடவை மூலைக்குச் சரியாக வெட்டினேன். கோணல் சுவராச்சே, கீழே இடைவெளி விட்டுப் பல் இளித்தது.

மூன்றாம் தடவை ஆறாவது பட்டையின் விளிம்பிலிருந்து மூலை வரை பொறுமையாக அளந்தேன். மேலே 32, நடுவில் 32.6, கீழே 33.4 செ.மீ. பெரிய அளவை எடுத்து ஒன்றரை கூட்டி, 35-க்குப் பட்டையை நெடுக வெட்டி ஒட்டினேன். அந்த ஒன்றரைதான் அடுத்த சுவருக்குத் திரும்பும். 53 செ.மீ. அகலப் பட்டையில் மிச்சத் துண்டு 18 செ.மீ. மூலையிலிருந்து 18 தள்ளித் தூக்குக்குண்டு விட்டுப் பென்சில் கோடு. துண்டின் வெளி விளிம்பு அந்தக் கோட்டைப் பிடிக்க வேண்டும். மூலைப் பக்கம் அது திரும்பி வந்த ஒன்றரையின் மேல் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும், மூலைக்குள் யார் பார்க்கிறார்கள்? வினைல் மேல் வினைல் வரும் இடத்தில் மாவுப் பசை பிடிக்காது. அதற்கென்று தனிப் பசை சின்ன டியூபில் கிடைக்கிறது, அதைத் தடவினேன். காய்கிற வரை மின்விசிறியைப் போடவே இல்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் வீட்டில் வாங்கிய திட்டைத் தனியாக எழுத வேண்டும்.

கடைக்காரர் மேல் ஒரு கோபம் இருக்கிறது. ரோல் 57 சதுர அடி, உங்கள் சுவர் 215, நாலு ரோல் போதும் என்றார். டிசைன் 64 செ.மீ.க்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. பத்தடிச் சுவருக்கு ஒரு பட்டை 3.20 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர் ரோலில் மூன்று பட்டைதான். மூலையில் வீணானதை விட்டுவிட்டாலும் எனக்கு வேண்டியது 13, கையில் இருந்தது 12. இதைச் சொன்னால், “யார் சார் இப்படியெல்லாம் கணக்குப் போடுறாங்க” என்கிறார்! ஐந்தாவது ரோல் அதே பேட்ச் எண்ணில் வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஒரு பொட்டு மாறும்.

கொல்லைப்பக்கச் சுவருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் மேட்டூர் அணை திறந்து பாமணி ஆற்றில் தண்ணீர் வந்தால் அந்தச் சுவரில் இரண்டடிக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கும். பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்த்தேன், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வினைல் போட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். மாசி வெயில் காய்ந்தபின் மறுபடி பாலிதீன் ஒட்டிப் பார்க்கணும். அப்போதும் வியர்த்தால் அதற்குச் சுண்ணாம்புதான்.

இப்போதைக்குக் கூடத்தில் ஜன்னலோரம் மொட்டையாக நிற்கிறது. பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். கிடைத்தால் புதன்கிழமை பஸ்ஸில் போட்டு விடுகிறாராம்.