நம்ம பையன்தானே

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வேலை வந்தாலே எனக்கு ஒரு சங்கடம். அங்கே பாதிப் பேருக்கு என் அப்பாவைத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மீதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும். கேஸ் குழாய் பொருத்த வருகிற வேறு யார் காகிதம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் கேட்டால் மட்டும், "நம்ம பையன்தானே, என்னத்துக்கு இவ்வளவு?" என்பார்கள்.

2023 தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தபோது ஓர் அக்கா கூப்பிட்டார். வீட்டில் முறுக்கு சுட்டு விற்றவர், துணிந்து ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். முன்பு அங்கே, மேசையிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் கடை இருந்தது. பின்பக்கம் 50 கிலோ தோங் (கேஸ் சிலிண்டர்) நான்கு வைக்கும் கூண்டு, அங்கிருந்து சமையற்கட்டுக்கு மஞ்சள் குழாய், எல்லாம் தயார். "தோங் வந்தா போதும் தம்பி, பத்த வச்சிடலாம்."

பத்த வைக்க முடியாது. தோங் வரிசையிலிருந்து குழாய் வழியாக கேஸ் போனால் அது 1993 கேஸ் விநியோகச் சட்டத்துக்குள் வந்துவிடும். எரிசக்தி ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கள் பேச்சில் ஏடிஐ (பொருத்த அனுமதி), ஏடிஓ (இயக்க அனுமதி). குழாயில் கை வைக்கும் முன் ஒன்று, கேஸைத் திறக்கும் முன் மற்றொன்று. பழைய ஏடிஓ ஸ்டீம்போட்காரர் பெயரில் இருந்தது. அவர் காலி செய்த கையோடு கேஸ் கம்பெனி தோங்கையும் ரெகுலேட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

நகராண்மைக் கழக லைசென்ஸ், பொம்பா (தீயணைப்புத் துறை) கடிதம், டைபாய்டு ஊசி எல்லாவற்றையும் அக்காவே அலைந்து முடித்துவிட்டார். இழுத்தடித்தது குழாய் வரைபடம்தான். கட்டட உரிமையாளர் ஈப்போவில் இருக்கும் தௌக்கே. நல்ல மனுஷன், ஆனால் வரைபடம் என்றதும், "வாடகைக்கு விட்டது கடை, கேஸ் இல்லை" என்று போனை வைத்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தேன். முத்திரை வரி கட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. சாயம் அடிப்பது யார், கூரை ஒழுகினால் யார் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். குழாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நானே குழாயைப் பின்தொடர்ந்து வரைந்தேன். பிறகு அழுத்தச் சோதனை. காலை பத்து மணிக்குக் காற்றை 20 பிஎஸ்ஐக்கு ஏற்றி அடைத்தோம். மத்தியானம் பார்த்தால் மீட்டர் முள் 20-ஐயும் தாண்டி நின்றது. கூட வந்த பையனுக்குச் சந்தோஷம். "பாஸ் அண்ணே!" எனக்கு அது பிடிக்கவில்லை. பின்சுவரில் ஓடும் குழாயில் பன்னிரண்டு மணி வெயில் நேராக விழுகிறது. உள்ளே காற்று சூடேறினால் அழுத்தம் கூடும், சின்னக் கசிவு அதில் மறைந்துவிடும். காத்திருக்கலாம் என்றேன். ஐந்தரைக்கு ஒரு மழை பெய்து குழாய் ஆறியது. முள் 17-க்கு வந்தது.

அக்கா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுதானே தம்பி குறைஞ்சிருக்கு?"

வெளியே தெரிந்த மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒரு குமிழ் வரவில்லை. மறுநாள் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் வேறாக இருந்தது. பெயர்த்தால் உள்ளே ஒரு கிளைக் குழாய். மேசைகளுக்குப் போனதாக இருக்கும். ஸ்டீம்போட்காரர் அதை வெட்டி, முனையில் ஒரு மூடியைத் திருகி, மேலே பலகை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். மூடியைச் சுற்றி டேப் காய்ந்து நாராக நின்றது. சோப்பு பட்டதும் சோறு பொங்குவதுபோல நுரைத்தது.

இந்த கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். அந்தப் பலகைக்கு நேர் கீழே லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகிற துவாரம் இருந்தது.

கிளையை அடியோடு எடுக்க வேண்டும், வரைபடத்தைத் திருத்த வேண்டும், முதலிலிருந்து மனுப் போட வேண்டும். இன்னும் மூன்று வாரம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாடகை சும்மா ஓடுகிறது. அதுவரைக்கும் வீட்டுத் தோங் நாலைந்து வைத்து முறுக்கு போடுகிறேன் என்றார். அதுவும் சரிப்படாது. 14 கிலோ தோங் மூன்று வைத்தாலே 42 கிலோ. அப்போதைய 2021 விதிப்படி கடைக்காரர் அதற்கு மேல் வைக்கவும் பெர்மிட் வேண்டியிருந்தது. "அப்பா இருந்திருந்தா இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரனைப் பெத்தோமேன்னு வருத்தப்பட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத் தேத்தண்ணியும் கிடையாது.

அந்த மூன்று வாரமும் ஊருக்குள் என்னைப் பற்றி என்ன பேச்சு ஓடியது என்று அம்மாதான் போனில் சொன்னார். காசு எதிர்பார்க்கிறேனாம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு ஏடிஓ கிடைத்தது. குழாயில் இருந்த காற்று வெளியேறும்வரை அடுப்பு இரண்டு தடவை பற்றி அணைந்தது. மூன்றாவது தடவை நீலமாக நின்றது. அக்கா பால் காய்ச்சினார். முதல் டம்ளரைப் பையனிடம் கொடுத்தார், இரண்டாவதை என்னிடம் நீட்டினார்.

கிளைக் குழாயை எடுத்த செலவு 640 வெள்ளி. தௌக்கே அது வாடகைக்காரர் பொறுப்பு என்கிறார். அக்கா அது கட்டடத்துக்காரர் பொறுப்பு என்கிறார். பில் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னுக்கு அடியில்.