கிராஃபீனை 1.1 டிகிரி திருப்பி அடுக்கிய அனுபவம்

மேஜிக் கோண கிராஃபீன் (கிராஃபீன் என்பது ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள்) சாம்பிள் செய்ய இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். இரண்டு கிராஃபீன் தாள்களை ஏறத்தாழ 1.1 டிகிரி (இதுதான் மேஜிக் கோணம்) திருப்பி அடுக்கினால் 1.7 கெல்வின் அளவில் மீக்கடத்தல், அதாவது மின்தடையே இல்லாத நிலை, வருகிறது என்று 2018-ல் எம்ஐடியில் பாப்லோ ஹரில்லோ-ஹெரெரோ குழு காட்டியது. படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும், கையால் செய்யும்போதுதான் அந்த ஒரு டிகிரி எவ்வளவு பாடுபடுத்தும் என்று புரியும்.

டேப்பில் கிராஃபைட்டை உரித்து, 285 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் சிப்பில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும். ஊதாப் பின்னணியில் ஒரு சாயல் மட்டும் கருத்துத் தெரிவதுதான் ஒற்றை அடுக்கு. கண் பழகிவிட்டால் இது பெரிய வேலையில்லை.

அடுக்குவதுதான் உயிர்நிலை. இரண்டு தாளும் ஒரே ஃபிளேக்கிலிருந்து (உரித்து எடுத்த துண்டிலிருந்து) வர வேண்டும், அப்போதுதான் தொடக்கக் கோணம் சரியாக பூஜ்யம். பாலிகார்பனேட் ஸ்டாம்பில் (தாள்களைத் தூக்கும் பிளாஸ்டிக் படலத்தில்) ஏற்றிய போரான் நைட்ரைடு என்ற மின்கடத்தாப் படிகத் தாளை ஃபிளேக்கின் பாதி மேல் மட்டும் இறக்கி, அந்தப் பாதியைத் தூக்கி, ஸ்டேஜைத் திருப்பி, மிச்சப் பாதியின் மேல் வைக்க வேண்டும். இழுத்துக் கிழிப்பதைவிட முன்பே ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) முனையால் வெட்டிவைப்பது மேல், தாள் இழுபடாது. ஸ்டாம்ப் தொடும் விளிம்பு ஃபிளேக்கை நெருங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஜின் வெப்பத்தை மட்டும் மெல்ல ஏற்றி அதை நகர்த்துவேன்.

இங்கேதான் பெரிய இக்கட்டு. சாதாரண கிராஃபீன் அடுக்கில் குமிழி இருந்தால் சூடேற்றித் தள்ளிவிடலாம், ஆனால் திருப்பிய அடுக்கைச் சூடாக்கினால் தாள்கள் நழுவிக் கோணம் பூஜ்யத்துக்கே ஓடிவிடும், ஏனென்றால் அணுக்களுக்கு அதுதான் வசதியான இடம். அதனால் நான் 1.2 டிகிரிக்குக் கொஞ்சம் கூட்டியே திருப்புவேன். குமிழிகளை விட்டுவிட்டு, சுத்தமான இடத்தில் மட்டும் டிவைஸ் வரைவேன்.

அப்புறம் கிரையோஸ்டாட் என்ற குளிர்விப்பானில் வைத்து, எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றும் கேட் வோல்டேஜை ஓட்டி, லாக்-இன்னில் (சிறிய சிக்னலை அளக்கும் கருவியில்) மின்தடையைப் பார்க்க வேண்டும். கூடுதல் எலக்ட்ரான் எதுவும் இல்லாத இடத்தில் மின்தடை எழும் டிராக் உச்சிக்கு இரு பக்கமும் இன்னும் இரண்டு உச்சிகள் எழும். அவற்றின் அடர்த்தியை வைத்துக் கோணத்தைக் கணக்கிடலாம், 1.1 டிகிரிக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 லட்சம் கோடி எலக்ட்ரான். என் டிவைஸில் ஒரு ஜோடித் தொடுமுனைகளுக்கும் அடுத்த ஜோடிக்கும் கோணம் மாறித்தான் இருந்தது, இந்த வகை சாம்பிளில் அது சகஜம். மேஜிக் கோணத்துக்குப் பக்கத்தில் வந்த ஜோடியில், அந்த அடர்த்தியில் பாதி மட்டும் நிரம்பிய இடத்திலும் மின்தடை எழுந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்த ஜோடியில்தான் இப்போது காந்தப்புலம் போட்டு அளந்துகொண்டிருக்கிறேன்.