3,000 ரூபாய்க்கு மூன்று குஞ்சு

தாராபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, காவலாக நாய் இருக்கிறது. இருந்தாலும் காவலுக்குக் கூஸ் வாத்தும் வளர்க்க ரொம்ப நாளாக ஆசை. அதிலும் நெற்றியில் குமிழ் வைத்த வெள்ளை சைனா வாத்துதான் வேண்டும். வளர்ந்த ஜோடி சொன்ன விலை கட்டுபடியாகவில்லை. சரி, முட்டையாக வாங்கிப் பொரித்துக்கொள்ளலாம் என்று போன மார்கழியில் கேரளாவில் ஒருவரிடம் 12 முட்டைக்குச் சொல்லி வைத்தேன். ஒன்று 250 ரூபாய்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. தெர்மாக்கோல் பெட்டி, உள்ளே உமி, ஒவ்வொரு முட்டைக்கும் செய்தித்தாள் சுற்று. கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. மேல்பக்கம் எது என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தார். பார்சல் ஆபீஸில் பெட்டி தலைகீழாகக் கிடந்தது. இரண்டு முட்டையில் விரிசல்.

வெளியே தெரிந்த சேதம் அவ்வளவுதான். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் மீதி தெரிந்தது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நான்கு முட்டைகளில், சாய்த்தால் கொத்தனாரின் ரசமட்டத்துக் குமிழி மாதிரி ஓடியது. வழிநெடுகக் குலுங்கியதில் உள்சவ்வு விட்டுப்போயிருக்கிறது.

கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அட்டையில் அப்படியே வைத்தேன். அப்புறம் முட்டை பொரிக்கும் மிஷினில் (இன்குபேட்டர்) 37.5 டிகிரியில் நிற்கவைத்து, மூன்று நாள் தொடவே இல்லை. நான்காம் நாள்தான் படுக்கவைத்துத் திருப்ப ஆரம்பித்தேன். என்னுடையது கோழி முட்டை மிஷின், அதன் தட்டில் இந்த முட்டை நுழையாது. எல்லாம் கையால்தான். ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலில். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒற்றைப்படையில் திருப்பினால்தான் நேற்று ராத்திரி கீழே கிடந்த பக்கம் இன்று மேலே வரும்.

கதவைத் திறந்தால் சூடு போய்விடுமே என்று, திருப்பியதும் உடனே சாத்திவிடுவேன். பார்த்துக்கொண்டே இருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒரு நாள் கேட்டது: "ஏங்கண்ணு, அடைக்கோழியே தெனமும் ஒருக்கா எறங்கி மேஞ்சுட்டு வரும். உம்பட மிசினு எறங்கறதே இல்லையா?"

விசாரித்தால் விஷயம் சரிதான். தாய் வாத்தும் எழுந்து போய்க் குளித்து, ஈர இறகோடுதான் திரும்ப வந்து உட்காருமாம். பத்தாம் நாளிலிருந்து தினமும் கால் மணி நேரம் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் புகைபோலத் தெளித்தேன். அதே பத்தாம் நாள் டார்ச் அடித்ததில் மூன்று கூமுட்டை, ஒன்றில் ரத்த வளையம், அதாவது கரு பாதியில் செத்துவிட்டது. மீதி ஆறு. நடுவில் பராமரிப்பென்று ஒரு நாள் பகலெல்லாம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தாங்கியது.

இருபத்தைந்தாம் நாள் இன்னொன்றில் அசைவு நின்றுவிட்டது. இருபத்தேழாம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றினேன். இருபத்தெட்டாம் நாள் ராத்திரி, முட்டையைக் காதில் வைத்தால் உள்ளேயிருந்து சன்னமாகக் கீச்சுச் சத்தம். மறுநாள் இரண்டில் துளை விழுந்தது. துளை விழுந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்திருந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாலைந்து தடவை திறந்து பார்த்துவிட்டேன். ஈரம் போய், ஒன்றில் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அது வெளியே வரவில்லை. அது என் தப்புதான்.

முப்பது, முப்பத்தொன்றாம் நாள்களில் மூன்று குஞ்சு வந்தன. அதில் ஒன்று காற்றறை ஓடிய முட்டை. கடைசி ஒன்று துளையே போடவில்லை. ஆக குஞ்சு ஒன்று ஆயிரம் ரூபாய். இப்போது மூன்றும் அம்மாயி பின்னாலேயே போய் வரப்பில் அருகம்புல் கொறிக்கின்றன. முட்டை வாங்கிப் பொரித்த என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்த தடவை நானே போய், முட்டையை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். அம்மாயியிடம் சொன்னேன்.

"பஸ்ஸு மட்டும் குலுங்காதாக்கும்?"