பணம் எந்த வழியாகப் போனது?

வங்கிக் கிளையில் கார்டு, யுபிஐ புகார் வாங்கும் மேசைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், என்னைக் கேக்காம அக்கவுண்ட்ல இருந்து பணம் எடுத்துட்டாங்க." யார் எடுத்தது என்ற கோபத்தில் அவர் இருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஸ்டேட்மென்டில் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டிருப்பார். பணம் எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் எழுதும் புகார் பெரும்பாலும் தோற்கும். தப்பான இடத்தில் ரத்து செய்தால் அடுத்த மாதமும் பணம் போகும்.

அந்த வரியைப் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஏசிஹெச் அல்லது நாச் என்று தொடங்கினால், வங்கிக் கணக்கின் மேல் நேரடியாகக் கொடுத்த மேன்டேட், அதாவது பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி: கடன் தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், எஸ்ஐபி வகையறா. யுபிஐ என்று தொடங்கி மேன்டேட் என்றோ ஆட்டோபே என்றோ இருந்தால், போனில் பின் (ரகசிய எண்) போட்டு அனுமதித்தது. கூகுள், ஆப்பிள் பெயரோடு வந்தால் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவாக இருக்கும். ஏதோ வெளிநாட்டு ஊர்ப் பெயரோடு, டாலரிலிருந்து மாற்றிய தொகையாகக் கிரெடிட் கார்டு பில்லில் வந்தால், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளத்தில் கார்டு எண்ணை வைத்தே எடுத்திருக்கலாம். அசல் திருட்டு அதிகமாகத் தென்படுவது இந்தக் கடைசி வகையில்தான். மற்றவற்றில் எங்கோ ஒரு மூலையில் வாடிக்கையாளரின் சம்மதம் இருக்கும். அதை எப்படி வாங்கினார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

ஒரு ரூபாய் 'ட்ரயல்' ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜாதக ஆப், குட்டி நாடக ஆப், ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப் என்று எதுவாக இருந்தாலும் அமைப்பு ஒன்றே. பெரிய எழுத்தில் '₹1 மட்டும்'. அதைத் தொட்டால் யுபிஐ ஆப் திறக்கும். அங்கே வருவது சாதாரணப் பணம் செலுத்தும் பக்கம் அல்ல, ஆட்டோபே பக்கம். கீழே சிறிய எழுத்தில் மூன்று விவரம் இருக்கும்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. அதிகபட்சம் ₹1,499, மாதந்தோறும், முடிவுத் தேதி பல வருடம் தள்ளி என்று இருந்தால், பின் போடுகிறவர் கொடுப்பது ஒரு ரூபாய் இல்லை. மாதா மாதம் ₹1,499 வரை எடுத்துக்கொள்ளும் உரிமை. அந்த மூன்று வரியைப் படிக்கப் பத்து விநாடி போதும். ஆனால் திரை முழுக்க வடிவமைக்கப்பட்டிருப்பதே அந்தப் பத்து விநாடியைப் பறிப்பதற்காக.

அடுத்த மாதம் பணம் போனதும் பலரும் செய்வது, ஆப்பை போனிலிருந்து நீக்குவது. அதனால் மேன்டேட் ரத்தாகாது. யுபிஐ வழியாகக் கொடுத்ததை, எந்த யுபிஐ ஆப்பில் பின் போட்டீர்களோ அதே ஆப்பின் ப்ரொஃபைல் பக்கத்தில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கூகுள் வழியாக எடுத்திருந்தால் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். எந்த ஜிமெயில் கணக்கில் எடுத்ததோ அதில்தான் தெரியும். வீட்டில் அம்மா போனில் பையனின் ஜிமெயிலும் இருந்தால் தேடல் இங்கேயே தடுக்கி நிற்கும். கார்டு மேன்டேட்டை வங்கியின் நெட்பேங்கிங்கிலோ, வங்கி அனுப்பும் முன்னறிவிப்பு மெசேஜில் உள்ள இணைப்பிலோ நிறுத்தலாம். நாச் மேன்டேட்டுக்கு நெட்பேங்கிங்கில் வசதி இல்லையென்றால் கிளைக்கு எழுதிக் கொடுக்கலாம். ஸ்டேட்மென்டிலோ கடன் தாளிலோ உள்ள யுஎம்ஆர்என் எண்ணை, அதாவது அந்த மேன்டேட்டின் தனி அடையாள எண்ணைக் குறிப்பிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

கார்டிலும் யுபிஐயிலும் இப்படித் தானாக எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. முதல்முறை பதிவு செய்யும்போது ஓடிபியோ பின்னோ கட்டாயம். அதன்பின் ₹15,000 வரை மறுபடி கேட்காமல் எடுக்கலாம். இந்த வரம்பு 2022 ஜூன் வரை ₹5,000 ஆக இருந்தது. இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரிலிருந்து ஒரு லட்சம். ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பவும் செய்கிறார்கள். பிரியாணி கூப்பன், பர்சனல் லோன் மெசேஜ்களுக்கு நடுவே அது வந்து கிடக்கும். 'ஃப்ரீ ட்ரயல்' எடுத்தே ஆக வேண்டுமென்றால், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பாக போனில் அலாரம் வைத்துவிடுவது நல்லது. இன்னும் நல்லது, எடுத்த அன்றே ரத்து செய்துவிடுவது. பெரும்பாலான ஆப் ஸ்டோர் சந்தாக்கள் ரத்து செய்த பிறகும் ட்ரயல் முடியும் வரை ஓடும்.

இனி புகார். கார்டு தகராறுப் படிவத்தில் 'நான் செய்யவே இல்லை' என்று ஒரு கட்டம், 'ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள்' என்று ஒரு கட்டம், 'சொன்ன சேவை கிடைக்கவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். கோபத்தில் பலர் முதல் கட்டத்தை டிக் செய்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு நிறுவனம் என்ன செய்யும்? பதிவு செய்த இமெயில், போன் எண், ஓடிபி சரிபார்த்த நேரம், முந்தைய மாதங்களில் தகராறில்லாமல் போன பணம், எல்லாவற்றையும் எடுத்துப்போடும். புகார் அங்கேயே விழுந்துவிடும். தற்காலிகமாக வரவு வைத்த தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அதே ஆள் இரண்டாவது கட்டத்தை டிக் செய்து, ரத்து செய்த நாளில் வந்த இமெயிலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்திருந்தால் வெல்ல நிறைய வாய்ப்பு உண்டு. ரத்து செய்யும்போது தேதி, நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: படிவம் நிரப்பும்போது எந்தக் கட்டம் என்று விளக்கிச் சொல்ல கிளையில் எப்போதும் ஆள் இருப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் சுத்தமாகக் கிடையாது.

அசல் திருட்டாக இருந்தால் கணக்கு வேறு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் நடுவில் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ₹10,000 வரை அவர் தலையில் விழலாம். தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை; உங்கள் கிளையின் வேலை நாட்களே கணக்கு. பொங்கல் வாரத்தில் திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் இதனால் உங்களுக்குச் சாதகம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்தால், பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியே போவதற்குள் முடக்க முடியலாம். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும் புகார் கொடுங்கள். புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு, கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்கக் கூடாது. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே எழுதலாம். அதற்கு அந்த எண் வேண்டும்.

வராமல் தடுக்க, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைப்பது முதல் வேலை. 2020-இலிருந்து எல்லா வங்கி ஆப்பிலும் அந்த ஸ்விட்ச் உண்டு. இரண்டாவது, சம்பளக் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கை இணைப்பது.

ரத்து செய்கிறேன் என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது தனி ஆபத்து. போலி எண்கள் வரைபடத்திலும் தேடல் முடிவிலும் உட்கார்ந்திருக்கும். "உங்க கார்டுக்கு ப்ரொடெக்ஷன் பிளான் ஆக்டிவேட் ஆயிருக்கு சார், ₹2,400 கட் ஆகும், வேணாம்னா இப்ப வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று மோசடிக்காரர்களே கூப்பிடுவதும் இதே வகைதான். ரத்து செய்ய வாய்மொழியாக ஓடிபி கேட்கும் நிறுவனம் கிடையாது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை ஏற்றும் ஏபிகே ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஆப் சந்தாவில் போவது நூறுகளில். ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பில் போவது லட்சத்தில். ஷாப்பிங் மாலில், பெட்ரோல் பங்கில், தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒரு பெட்டி இருக்கும். பெயரும் போன் எண்ணும் எழுதிப் போட வேண்டியது. இரண்டு வாரத்தில் அழைப்பு வரும்: பரிசு விழுந்திருக்கிறது, இந்த ஞாயிறு நட்சத்திர ஹோட்டல் ஹாலுக்கு வாருங்கள். நிபந்தனைகளைக் கவனித்தால் போதும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும், கையில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பிக்கும் வாசலை அடைக்கவே இருவரையும் அழைப்பது. பரிசுக்குக் கார்டு எதற்கு?

ஹாலில் சின்ன வட்ட மேசைகள். சத்தமாகப் பாட்டு. பக்கத்து மேசையில் யாரோ சேர்ந்ததாக மைக்கில் அறிவித்துக் கைதட்டுவார்கள். விற்பவர் வெள்ளைத் தாளில் கணக்குப் போடுவார்: வருடம் ஒரு ட்ரிப், ஹோட்டல் வாடகை இவ்வளவு, 25 வருடத்துக்கு இவ்வளவு. விலை மூன்று லட்சத்தில் தொடங்கும். தயங்கினால் மேனேஜர் வந்து ஒன்றரை லட்சம் ஆக்குவார். இன்னும் தயங்கினால் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார், இப்ப இருபதாயிரம் ஸ்வைப் பண்ணிடுங்க, மீதி இஎம்ஐ." ஒப்பந்தம் கைக்கு வருவது ஸ்வைப் செய்த பிறகு; சில சமயம் கூரியரில். அதில்தான் 'பணம் திரும்பக் கிடையாது', 'அறை இருந்தால் மட்டும்', 'தங்கினாலும் தங்காவிட்டாலும் வருடப் பராமரிப்புக் கட்டணம்' எல்லாம் இருக்கும். தாளில் பேனாவால் எழுதிக்காட்டிய இலவச விமான டிக்கெட் எங்கேயும் இருக்காது.

அந்த வெள்ளைத் தாளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். எடுக்க விடவில்லை என்றால் அதுவே எழுந்து வரப் போதுமான காரணம். ஸ்வைப் செய்துவிட்டீர்களா? அன்று இரவே ரத்துக் கடிதத்தை இமெயிலில் அனுப்புங்கள். மறுநாள் ஸ்பீடு போஸ்டில் அதே கடிதம். பின் போட்டுத் தேய்த்த கார்டு என்பதால் திருட்டு என்று வங்கியில் சொல்ல முடியாது. இஎம்ஐயாக மாற்றாதீர்கள் என்று எழுதிக் கேட்கலாம், சேவை கிடைக்கவில்லை என்ற வகையில் தகராறு எழுப்பலாம். சில மாதம் கழித்து இன்னொரு அழைப்பு வரும்: உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் தயார், ஜிஎஸ்டி மட்டும் முன்கூட்டிக் கட்டுங்கள். ஏமாந்தவர் பட்டியல் கைமாறியிருக்கிறது என்று பொருள். அந்தப் பணமும் போகும்.

கம்பெனி குருகிராமில் இருக்கிறது, வழக்கு அங்கேதான் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போட அனுமதிக்கிறது. நடுவர் மன்றம் போக வேண்டும் என்ற ஷரத்தும் தடையாகாது. எம்மார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சென்னையில் வடக்கு, தெற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் உண்டு. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஒரு புகார் பதிவது நல்லது. சிறிய தொகைகள் அங்கேயே பேசி முடிவதும் உண்டு. ரத்து பட்டனை ஒளித்துவைக்கும் ஆப்களுக்கும் இதே வழிதான்: 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் சந்தாப் பொறியும் ஒன்று.

மிகச் சிக்கலானது, ஜிம்மோ கோச்சிங் சென்டரோ 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று சொல்லிச் சேர்ப்பது. டேப்லெட்டில் ஆதார் ஓடிபி, செல்ஃபி, இன்னொரு ஓடிபி என்று போகும். முடியும்போது உங்கள் பேரில் ஒரு நிதி நிறுவனத்தில் பர்சனல் லோன் உருவாகி, முழுப் பணமும் ஜிம்முக்குப் போயிருக்கும். ஜிம் மூடினாலும் கடன் ஓடும். இங்கே நாச் மேன்டேட்டை மட்டும் ரத்து செய்வது பெரிய தவறு. தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். போதாக்குறைக்கு, செக் பவுன்ஸ் போலவே 2007-ஆம் ஆண்டு பேமென்ட் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்கும் போடலாம். டிஜிட்டல் கடன் என்றால் வெளியேறும் கால அவகாசம் கடன் தாளில் எழுதியிருக்கும், குறைந்தது ஒரு நாள். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி விலகலாம். அது தாண்டிவிட்டால், சேவை நின்ற தேதியைச் சொல்லி ஜிம்முக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டும். கடனை மூடினால் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். தப்பாக இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.