ரிசப்ஷன் நோட்டிலிருந்து ஒரு வெப்சைட்

லாட்ஜ், பட்டறை, கோச்சிங் சென்டர் என்று வேலூர் பக்கத்துச் சிறு வியாபாரங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சத்துவாச்சாரியில் மாடியில் ஒரு அறை, கூட இரண்டு பையன்கள். வருகிற முதலாளிகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் கேட்பார்கள். முகப்பில் பெரிய படங்கள் தானாக நகர வேண்டும், நிறுவனர் போட்டோ வேண்டும், 'எங்கள் குறிக்கோள்' என்று ஒரு பத்தி வேண்டும். சொந்தக்காரர்களுக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் காட்ட இது போதும். காசு கொடுக்கப் போகிறவர் இதில் எதையும் தேடி வருவதில்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையை நம்பி இன்று அந்த வட்டாரமே பிழைக்கிறது. போர்டுகளில் வங்காள எழுத்து, ஓட்டல்களில் கடுகெண்ணெய் வாசம். மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அந்த லாட்ஜ் அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. 'வேலூரின் முன்னணி தங்குமிடம்' என்று ஆரம்பிக்கும். போன் நம்பர் படத்துக்குள் இருந்ததால் தொட்டால் கால் போகாது. அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'வேலூர் லாட்ஜ், வேலூர் லாட்ஜ்' என்று வரிசையாக எழுதி ஒளித்திருந்தார்கள். கூகுள் இதை மோசடி வேலையாகத்தான் பார்க்கும். தேடுசொற்களை அடுக்கி பக்கத்தின் கோடுக்குள் ஒளித்துவைக்கும் கீவேர்ட்ஸ் டேக் வேறு பத்து வரிக்கு நீண்டிருந்தது. தேடலில் எது முன்னால் வரும் என்று வரிசைப்படுத்த அந்த டேகை எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. இன்னமும் அதற்கெனத் தனியாகக் காசு வாங்குகிறார்கள்.

டிசைன் பேசுவதற்கு முன் ரிசப்ஷனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அங்கே இருந்த பையன் மேற்கு வங்கத்து மால்டாக்காரன். இந்தியும் பெங்காலியும் சரளம், தமிழும் பிழைக்கிற அளவுக்கு. வருகிற போன்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொன்னேன். முன்னணி, தரம், குறிக்கோள் எதைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. ரூமில் சமைக்கலாமா, கேஸ் அடுப்பும் பாத்திரமும் கிடைக்குமா? லிஃப்டில் வீல்சேர் நுழையுமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? ஆஸ்பத்திரி கேட்டுக்கு எத்தனை நிமிஷ நடை, வழியில் மேடு இருக்கா? காட்பாடி ஸ்டேஷனில் ராத்திரி இறங்கினால் ஆட்டோ எவ்வளவு கேட்பான்? டாக்டர் தேதி தள்ளிப்போனால் வாடகையைக் குறைப்பீர்களா? பங்களாதேஷ் பாஸ்போர்ட்டுக்கு ரூம் தருவீர்களா, சி ஃபார்ம் போடுவீர்களா? வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பல லாட்ஜுகள் அவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை. இவர் கொடுக்கிறார். ஆனால் அது அவருடைய வெப்சைட்டில் எங்கேயும் இல்லை!

அந்த நோட்டையே வெப்சைட்டாக மாற்றினோம். சமையல் வசதிக்கு ஒரு பக்கம், அடுப்பைக் கிட்டத்தில் எடுத்த படத்தோடு. லிஃப்ட் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் போட்டோம். பாத்ரூமில் கைப்பிடி இருக்கிற ரூம் எது, இல்லாத ரூம் எது என்று பிரித்துச் சொன்னோம். பெங்காலிப் பக்கத்தை மெஷினிடம் விடாமல் அந்த மால்டா பையனை உட்காரவைத்து எழுதினோம். நோயாளி வீட்டுக்காரர்கள் எந்தச் சொல்லில் கேட்பார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பாத்ரூம் போட்டோ எல்லாம் போட்டு கீற, என் போட்டோ எங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், முன்பின் தெரியாத நம்பருக்கு அட்வான்ஸ் அனுப்பப் பயப்படுவார். ஓனர் முகம், ஜி.எஸ்.டி. நம்பர், வாசல் போர்டு இவையெல்லாம் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆகவே முகப்பில் வைக்காமல் அட்வான்ஸ் கட்டும் பக்கத்தில் அவர் படத்தை வைத்தோம்.

பெரிய சண்டை வாடகையில்தான். "ரேட்டைப் போட்டா பக்கத்து லாட்ஜ்காரன் நூறு ரூபா கொறைச்சிடுவாம்பா" என்றார். பக்கத்து லாட்ஜ்காரருக்கு இவர் ரேட் எப்போதோ தெரியும். தெரியாதது ஹௌராவில் ரயில் ஏறப்போகிறவருக்குத்தான். ரேட் தெரியாமல் வந்து இறங்குபவரை ஸ்டேஷனிலேயே ஆட்டோக்காரர் எந்த லாட்ஜ் கமிஷன் கொடுக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறார். கமிஷன் கணக்கைச் சொன்ன பிறகு அண்ணன் கொஞ்சம் இறங்கினார். நாள் வாடகை, வார வாடகை, மாத வாடகை மூன்றும் ஏறின. அதற்கப்புறம் போன் குறைந்தது. எனக்கே ஒரு கணம் திக்கென்றது. ஆனால் வருகிற போன்களில் பேரம் இல்லை, 'பதினாலாம் தேதி காலியா?' என்றுதான் கேட்கிறார்கள்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் விட முடியாது. படங்களை எம்.பி.யிலிருந்து கே.பி.க்கு இறக்கினோம், ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போதும் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக. நகரும் படங்கள் போயின. சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகிற தகவலைப் பூட்டிவைக்கும் எஸ்.எஸ்.எல். போட்டோம். அது இல்லாத சைட்டுகளை 2018லிருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. போன் நம்பரும் வாட்ஸ்அப்பும் தொட்டால் திறக்கின்றன. கூகுள் மேப்பில் லாட்ஜைக் காட்டும் குறி பின்தெருவில் குத்தியிருந்தது, அதை வாசலுக்கு நகர்த்தினோம். உண்மையைச் சொன்னால் லாட்ஜ் மாதிரித் தொழிலுக்கு மேப்பில் இருக்கும் பிசினஸ் புரொஃபைல்தான் ஆளைக் கூட்டிவருகிறது. வந்தவருடைய சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் வெப்சைட்டின் வேலை.

எல்லாத் தொழிலுக்கும் இதே கணக்கு ஒத்துவராது. ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்து ஏற்றுமதி செய்பவருக்கு மேப்பால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஜெர்மனியில் இருக்கிற பையர் பார்ப்பது குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, சாம்பிள் எத்தனை நாளில் வரும், தோல் எந்த டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலை), அந்த டேனரிக்கு சுற்றுச்சூழல் விஷயங்களைப் பார்த்துக் கொடுக்கும் எல்.டபிள்யூ.ஜி. சான்று உண்டா என்பதைத்தான். அந்த ஆம்பூர்க்காரருடைய பழைய சைட்டில் இந்த விவரம் ஒன்றும் இல்லை, ஆயுத பூஜைப் படம் மட்டும் இருந்தது. முகவரியிலும் இன்னும் 'வேலூர் மாவட்டம்'. 2019லேயே ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஜி.எஸ்.டி. சான்றிதழில் ஒரு மாவட்டம், சைட்டில் வேறொன்று என்றால் வெளிநாட்டுக்காரர் சந்தேகப்படத்தான் செய்வார்.

புது வேலை எடுக்கும்போது இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்றுதான். பாதிப் பேருக்குத் தெரியாது. முன்பு செய்தவர் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு, நம்பரை மாற்றிக்கொண்டு போயிருப்பார். புதுப்பிக்கும் தேதி தாண்டினால் விசிட்டிங் கார்டு, போர்டு, பில் புக் எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி போய்விடும். லாட்ஜ் அண்ணனுக்கும் அதே கதைதான். பழைய ஆளைத் தேடி அலைவதை விட்டு, புது டொமைன் ஒன்றை அவர் மெயிலில், அவர் கார்டிலேயே வாங்கவைத்தேன். பாஸ்வேர்டை ரிசப்ஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கப் போனார். தடுத்து, வீட்டு பீரோவில் வைக்கச் சொன்னேன்.