அறுபத்து மூன்று வயதில் ஜான் பால் ஜோன்ஸ் தொடங்கிய புதிய குழு

ராக் அண்ட் ரோல் உலகில் மூத்தவர்களும் இளையவர்களும் ஒரே மேடையில் ஏறும்போது, அது பெரும்பாலும் மூத்தவரின் பழைய பாடல்களைக் கொண்டாடும் நிகழ்ச்சியாகவே அமைந்துவிடுகிறது. 1977-இல் கிதார் கலைஞர் ஜானி வின்டர் தமது ஆதர்சமான ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸுக்கு ஓர் ஆல்பம் தயாரித்துக் கொடுத்தபோதும், 1986-இல் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியின் அறுபதாவது பிறந்த நாளையொட்டி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு குழுவைத் திரட்டியபோதும், இளையவர்கள் செய்தது ஒரு வகைத் தொண்டு. அந்தத் தொண்டை நான் மதிக்கிறேன். ஆனால் மூத்தவரைப் பீடத்தில் ஏற்றாமல், அவரைக் குழுவின் ஓர் உறுப்பினராக வைத்துக்கொண்டு, யாரும் கேட்டிராத பாடல்களை அவருடன் சேர்ந்து உருவாக்குவது அதைவிடக் கடினமான மரியாதை என்று நினைக்கிறேன். 2009-இல் உருவான தெம் குரூக்கட் வல்சர்ஸ் குழுவைப் பற்றி எழுத விரும்புவதற்கு அதுவே காரணம்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் மூவர். 1970-களின் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் பேஸ் கிதார் கலைஞரும் கீபோர்டு கலைஞருமான ஜான் பால் ஜோன்ஸுக்கு அப்போது 63 வயது. நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பின்னர் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவைத் தொடங்கிய டேவ் குரோலுக்கு 40. குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ் குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான ஜோஷ் ஹாமிக்கு 36. ஹாமி பிறந்த 1973 மே மாதத்தில் லெட் செப்பலின் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், மூவருக்கும் இடையிலிருந்த காலத்தின் அகலம் புரியும்.

ஜோன்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செப்பலினைப் பற்றிய பேச்சில் அவர் பெயர்தான் எப்போதும் கடைசியாக வருகிறது. அக்குழுவில் சேர்வதற்கு முன்பே, 1960-களின் நடுப்பகுதியில், லண்டன் ஒலிப்பதிவுக்கூடங்களில் நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கு அவர் பேஸ் வாசித்திருந்தார். பிறருடைய பாடல்களுக்குத் தந்திக்கருவிப் பகுதிகளை எழுதிக் கொடுத்திருந்தார். 1980 செப்டம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் மறைந்து, அவ்வாண்டு டிசம்பரில் குழு கலைந்த பின்பும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1992-இல் வெளிவந்த ஆர்.இ.எம். குழுவின் ஆல்பத்திற்குத் தந்தி இசை அமைத்தார். அடுத்த ஆண்டு டெக்சஸைச் சேர்ந்த பட்ஹோல் சர்ஃபர்ஸ் என்ற முரட்டுத்தனமான குழுவுக்கு ஆல்பம் தயாரித்தார். அதற்கும் அடுத்த ஆண்டு டயமாண்டா காலாஸ் என்ற அசாதாரணமான பாடகியுடன் இணைந்து ஓர் ஆல்பம் செய்தார். தன்னைவிட இளையவர்களின் இசைக்குள் அதன் போக்கிலேயே நுழையத் தெரிந்தவர் அவர் என்பதற்கு இவை போதும். அதே 1994-இல் அவருடைய பழைய தோழர்களான கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் அவரை அழைக்காமலேயே ஒன்றுசேர்ந்தார்கள். மறு ஆண்டு செப்பலினைச் சேர்த்துக்கொண்ட ராக் அண்ட் ரோல் புகழ் மன்ற விழாவில், தனது தொலைபேசி எண்ணை ஒருவழியாக நினைவுகூர்ந்ததற்காக நண்பர்களுக்கு நன்றி என்று அவர் மேடையிலேயே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த வலி எனக்கு இன்றும் கேட்கிறது.

2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் செப்பலின் ஒரே ஓர் இரவுக்காக மீண்டும் கூடியது. அதன் பிறகு பிளான்ட் தொடர விரும்பாததால், பேஜும் ஜோன்ஸும் பான்ஹமின் மகன் ஜேசனும் வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். 2009 ஜனவரியில் அந்த முயற்சி முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் குரோல் தமது நாற்பதாவது பிறந்த நாளை, வீரர்கள் குதிரையேறி ஈட்டி பிடித்து மோதும் காட்சியுடன் விருந்து பரிமாறும் ஒரு கலிபோர்னிய உணவகத்தில் கொண்டாடினார். அங்கேதான் அவர் ஜோன்ஸையும் ஹாமியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அறிமுகம் செய்தார். சில நாட்களிலேயே மூவரும் ஹாமியின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கதவு மூடிய அதே மாதத்தில் ஜோன்ஸ் இன்னொரு கதவைத் திறந்துகொண்டார் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

குரோலின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் டிரம்ஸ் இல்லாத சிறுவயதில் தலையணைகளை அடித்துப் பழகியவர் அவர். பான்ஹமின் வாசிப்பைத் தம் பள்ளிக்கூடமாகக் கொண்டவர். பான்ஹமின் மூன்று வளையச் சின்னத்தைத் தம் உடலில் பச்சை குத்திக்கொண்டவர். பன்னிரண்டு ஆண்டுகள் பான்ஹமுடன் வாசித்த பேஸ் கலைஞருக்கு எதிரே அப்படிப்பட்டவர் அமரும்போது, குருவைப் போலவே அடித்துவிட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு வலுவாக எழுந்திருக்கும்! ஆனால் ஆல்பத்தைக் கேட்டால் அங்கே ஒலிப்பது குரோலின் அடிதான்: நேரானது, பலமானது, பங்க் இசையில் வளர்ந்தவருக்கே உரிய அவசரம் கொண்டது. ஜோன்ஸ் அந்த அவசரத்தை அடக்க முயலவில்லை. அதன் கீழே ஓடி, சில இடங்களில் அதற்குச் சற்றுப் பின்தங்கி, பாட்டுக்கு எடை சேர்க்கிறார். கச்சேரி மேடையில் இளைய பாடகரின் போக்கறிந்து வாசிக்கும் மூத்த மிருதங்க வித்வானை நமக்குத் தெரியும்; அந்தப் பெருந்தன்மையே இங்கும் கேட்கிறது.

2009 ஆகஸ்ட் 9 அன்று நள்ளிரவில் சிகாகோவின் மெட்ரோ அரங்கில் அவர்கள் முதன்முறையாக மேடையேறினார்கள். ஆல்பம் வெளிவருவதற்கு இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தது. எனவே அன்று வந்தவர்களுக்கு ஒரு பாட்டுகூடப் பழக்கமானதாக இருந்திருக்க முடியாது. செப்பலின் பாடல் ஒன்றையோ நிர்வாணா பாடல் ஒன்றையோ வாசித்திருந்தால் அரங்கம் அதிர்ந்திருக்கும்; மூவரும் அதைச் செய்யவில்லை. தங்கள் புதிய பாடல்களை மட்டுமே வாசித்தார்கள், அடுத்து வந்த மாதங்களிலும் அப்படியே தொடர்ந்தார்கள். மேடையில் இரண்டாவது கிதாருக்காக, சிலியில் பிறந்த அலன் யோஹானஸைச் சேர்த்துக்கொண்டார்கள். பத்துக் கம்பி பேஸ், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார், கீபோர்டு என்று ஜோன்ஸ் ஒரே நிகழ்ச்சியில் கருவி மாற்றி மாற்றி வாசிப்பதைக் காணொளிகளில் பார்க்கலாம். அவர் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சி, பழம்பெருமையின் சுமை இல்லாதவருடைய மகிழ்ச்சி.

2009 நவம்பரில் வெளிவந்த அந்த ஆல்பத்தில் 13 பாடல்கள் உள்ளன; ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஓடுகிறது. உண்மையில் அது நீளம்தான். நடுவில் உள்ள இரண்டு மூன்று பாடல்களை நீக்கியிருந்தால் மற்றவை இன்னும் கூர்மையாக நின்றிருக்கும். ஆனாலும் முதல் பாடல் ஓசைக் குறைவான ஒரு தாளத்தில் நடந்துகொண்டிருந்து, திடீரெனத் தரை அதிரும் ரிஃப்பாக (திரும்பத் திரும்ப வரும் கிதார் இசைத்துணுக்காக) மாறும் இடத்தை என்னால் ஒருமுறை மட்டும் கேட்டு நிறுத்த முடிந்ததில்லை. வேறொரு பாடலில் ஜோன்ஸ் வாசிக்கும் கிளாவினெட் என்ற மின் கீபோர்டின் ஒலி எழுபதுகளை நினைவூட்டுகிறது, ஆனால் அதன் மேல் ஹாமியின் உயர்ந்த, வழுக்கிச் செல்லும் குரல் வந்து விழும்போது அது எழுபதுகளின் பாட்டாக இருப்பதில்லை. அந்த ஆல்பத்தின் ஒரு பாடலுக்கு 2011-இல் ஹார்ட் ராக் பிரிவில் கிராமி விருது கிடைத்தது.

இரண்டாவது ஆல்பம் இதுவரை வரவில்லை. குரோலும் ஹாமியும் தத்தம் குழுக்களுக்குத் திரும்பினார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது, ஏனென்றால் முதல் ஆல்பத்தில் மூவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் ஒலிதான் கேட்கிறது, கண்டுகொண்ட பின் எங்கே போயிருப்பார்கள் என்பது கேட்கவில்லை. 2022-இல் ஃபூ ஃபைட்டர்ஸின் டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் மறைந்தபோது, செப்டம்பரில் லண்டன் வெம்பிளியிலும் பின்னர் லாஸ் ஏஞ்சலஸிலும் நடந்த அஞ்சலி நிகழ்ச்சிகளில் மூவரும் மீண்டும் கூடினார்கள்; ஜோன்ஸுக்கு அப்போது 76 வயது. புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ஆல்பத்தின் கடைசிப் பாடலிலிருந்து தொடங்கலாம். அது ஜோன்ஸின் பியானோவுடன் தொடங்குகிறது, பிறகு மற்ற இருவரும் உள்ளே வருகிறார்கள்.