மெதுவான சக்கரம் தேடிய கதை: ஸ்கேட் ரோலர் ஸ்கீயில் ஐந்தாவது வாரம்

நேற்று அதிகாலை மேலமணக்குடியிலிருந்து சொத்தவிளை வரை கடலோரச் சாலையில் ரோலர் ஸ்கீயில் ஒருமுறைகூட விழாமல் போய்த் திரும்பினேன். பனி இல்லாத சாலையில் பனிச்சறுக்கு பழக, முன்னும் பின்னும் ஒரு சக்கரம் பூட்டிக் காலில் மாட்டிக்கொள்ளும் தண்டுதான் ரோலர் ஸ்கீ; கைகளில் ஊன்றுகோல்களும் உண்டு. ஐந்து வாரங்களில் இதுவே முதல் முறை. முதல் மூன்று வாரங்களில் என் முழங்கைகளில் ஏறிய கட்டுகளுக்குக் காரணம் கால்கள் அல்ல, நான் தேர்ந்தெடுத்த சக்கரங்கள்தான் என்பது இப்போது உறுதியாகிவிட்டதால், முதல் ஜோடியை வாங்கவிருப்பவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

ஃபின்லாந்தின் தாம்பெரேயில் இரண்டு குளிர்காலங்கள் பனியில் ஸ்கேட் நடை (கால்களை மாறி மாறிப் பக்கவாட்டில் உதைத்துச் சறுக்குவது) பழகிய நான், வரும் பிப்ரவரியில் லாஹ்தியில் நடக்கும் ஃபின்லாந்தியா ஹீஹ்தோ என்ற நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் சறுக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தேன். வரும்போது கையோடு கொண்டுவந்தது பழைய ஜோடி ஒன்று: அலுமினியத் தண்டு, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 530 மி.மீ., 100 மி.மீ. விட்டமுள்ள, பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையாலான சக்கரங்கள். "புதியவர்களுக்கு இதுதான் ஏற்றது, இலேசானது, தேயாது" என்று சொல்லி விற்றவர், எந்தப் புதியவரையும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

பாலியூரிதேன் எளிதில் தேயாது என்பது உண்மைதான். ஆனால் அது வேகமாக உருளும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்காலுக்குச் சொல்லும், சாரல் விழுந்தால் பிடிமானத்தைக் கைவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றுவிடாமல் வந்து போகும் நம் மாவட்டத்தில் இந்தக் கடைசிக் குணம் ஒன்றே அதை ஒதுக்கப் போதுமானது. ஸ்கேட் ரோலர் ஸ்கீயில் வழக்கமாக பிரேக் இருக்காது, தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டும். ஆகவே சக்கரத்தின் மந்தம்தான் தொடக்கநிலையாளரின் பிரேக் என்பதை நான் விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டேன். மணக்குடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முதல் நாளே, "மக்கா, இதுக்கு பிரேக்கு உண்டா?" என்று கேட்டார். விற்றவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஃபின்லாந்தில் நிற்க முடியாதபோது சாலையோரப் புல்வெளியில் காலை வைக்கச் சொல்லித்தருவார்கள். புல் மெல்ல இழுத்து நிறுத்தும். இங்கே சாலையோரத்தில் இருப்பது கடல் மணல். 24 மி.மீ. அகலமுள்ள ஒடுங்கிய சக்கரம் அதில் புதைந்த கணமே நின்றுவிடும், நாம் நிற்பதில்லை. என் வீழ்ச்சிகளில் பல அப்படி நேர்ந்தவை.

மூன்றாவது வார முடிவில், ஹெல்சிங்கியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு விடுமுறையில் வந்த நண்பரிடம் நான்கு ரப்பர் சக்கரங்கள் மட்டும் வாங்கிவரச் சொன்னேன். சக்கரத்தின் வேகத்தைக் குறிக்க நிறுவனங்கள் இடும் எண்களில் எதை வாங்குவது என்பதற்கே இரண்டு இரவுகள் செலவாயின. ஸ்வெனார் நிறுவனத்தில் 1 வேகம், 2 நடுத்தரம், 3 மெதுவானது. மார்வே நிறுவனத்திலோ 6 என்பதுதான் நடுத்தரம். எண்ணை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிடுபவர் ஏமாந்துபோவார். அதைவிட முக்கியமானது வெப்பம். ரப்பர் சூடேறச் சூடேற உருளும்போது இழக்கும் ஆற்றல் குறைவதால் சக்கரம் வேகமெடுக்கிறது. பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில் ஸ்கீ இலேசாகிவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். பத்து டிகிரியில் மந்தமாக இருக்கும் சக்கரம் நம் முப்பது டிகிரியில் அத்தனை மந்தமாக இருக்காது என்று கணக்கிட்டு, நடுத்தரத்தை விட்டுவிட்டு மெதுவான எண்ணையே கேட்டேன். இந்த ஒரு முடிவுக்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

பழைய தண்டிலேயே புதிய சக்கரங்களை மாட்டி, பாலத்தின் சரிவில் ஒரே இடத்திலிருந்து ஊன்றுகோல் ஊன்றாமல் இறங்கிப் பார்த்தேன். பழைய சக்கரம் பதினோராவது விளக்குக் கம்பம் வரை கொண்டுபோனது. புதியது ஏழாவதைத் தாண்டவில்லை. கைகளுக்கு வேலை கூடிவிட்டது, ஆனால் பனியில் பழகிய இழுவையும் திரும்பிவந்தது. மெதுவான சக்கரம் பயிற்சியைக் கெடுக்கும் என்பார்கள். வேகமான சக்கரத்தில் சறுக்குவதைவிட அஞ்சுவதில்தான் என் நேரம் போனது.

ரப்பர் தோட்டங்கள் நிறைந்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு ரப்பர் சக்கரத்துக்காக ஹெல்சிங்கி வரை ஆள் தேட வேண்டியிருந்ததை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஆனால் பேரிங்கில் நம்மூர் கைவிடவில்லை. என் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டுப் பேரிங்குகள், எல்லாமே 608. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. கடல் காற்று ஒரே மாதத்தில் பழையவற்றைத் துருப்பிடிக்கச் செய்துவிட்டது. வடசேரியில் ஒரு கடைக்காரர் எண்ணைக் கேட்டதும் எடுத்துத் தந்தார். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். தகர மூடி உள்ளது உப்பைத் தடுக்காது.

ஊன்றுகோலின் கார்பைடு முனை தார்ச்சாலையில் நன்றாகப் பிடிக்கிறது, ஊர்த்தெருக்களின் கான்கிரீட்டில் வழுக்குகிறது. வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம் என்ற என் திட்டம் அதனால் பொய்த்தது.

புறப்படும் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மணக்குடியிலிருந்து கிளம்பினால் களைப்பில்லாத உடம்போடு எதிர்க்காற்றைச் சந்திக்கலாம். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளினாலும் மெதுவான சக்கரம் அடக்கிவிடும். இந்தத் துணிச்சலில் ஆரல்வாய்மொழி பக்கம் போய்ப் பார்க்கலாமா என்றும் ஒரு நினைப்பு. காற்றாலைகளைச் சுழற்றும் காற்று என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணி, காலைப் பின்னுக்குச் சாய்த்தால் சக்கரத்தை அழுத்தும் பிரேக் ஒன்றை வாங்கும் வரை அதைத் தள்ளிவைத்திருக்கிறேன். அடுத்து வாங்கும் தண்டு 610 மி.மீ. நீளமாகவும், அதிர்வை உள்வாங்கும் கலப்புப் பொருளாலும் இருக்க வேண்டும். புதியவர் முதலிலேயே அப்படி வாங்கிவிடலாம். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் என்றால், தண்டைவிடச் சக்கரத்துக்கே கொடுங்கள்.

இதையெல்லாம் திட்டமிடுகிறேனே தவிர, ஒவ்வொரு கால்வீச்சுக்கும் ஒருமுறை கோலூன்றும் நடை, ஃபின்லாந்தில் ஸ்வீடன் வீரர் வாஸ்பெர்க்கின் பெயரால் வழங்குவது, இன்னும் கைகூடவில்லை. வலக்காலில் மூன்று எண்ணும் வரை நிற்கிறேன்; இடக்கால் ஒன்றரையில் கீழே வந்துவிடுகிறது. சக்கரங்களின் உள்விளிம்பு தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே அது தெரிகிறது: இடப்பக்கத்தில் இருமடங்கு. ஞாயிற்றுக்கிழமை அவற்றை இடம் வலமாக மாற்றிப் போட வேண்டும்.